மேற்பார்வையாளர் தேவை, சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் பயணிப்பவர்களுக்கு அந்தப் பதாகைகள் பழகியிருக்கும். ஆடைத் தொழிற்சாலைக்கு ஆட்கள் தேவை. மெஷின் ஒப்பரேற்றருக்கு இவ்வளவு, ஹெல்பருக்கு இவ்வளவு, வரவுக் கொடுப்பனவு இவ்வளவு, பஸ் இலவசம், காலைச் சாப்பாடு இலவசம் என்று எல்லாம் இலக்கத்தில் இருக்கும். கடைசி வரியில் மேற்பார்வையாளர்களும் தேவை என்று போட்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் மட்டும் இலக்கம் இருக்காது. கவர்ச்சிகரமான சம்பளம், அல்லது நேர்முகத்தில் பேசித் தீர்மானிக்கப்படும்.

சில மாதங்களாக நான் அந்த இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலை, கண்ணிவெடி அகற்றும் பணி, பண்ணை, கடல், அரச அலுவலகம் என்று வெவ்வேறு இடங்களில் மற்றவர்களை மேய்க்கும் வேலை செய்கிறவர்களுடன் பேசினேன். மேய்க்கும் வேலை என்பது அவர்களே பயன்படுத்திய சொல். பெரும்பாலானவர்கள் இன்னும் அதே இடங்களில் வேலை செய்வதால் இங்கே பெயர்களோ நிறுவனங்களோ இல்லை.

ஒரு விடயம் திரும்பத் திரும்ப வந்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் நான் சந்தித்த அனுபவமுள்ள பெண்களில் பலர் சுப்பர்வைசர் பதவியை வேண்டாம் என்று சொன்னவர்கள். சிலரிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் மறுத்திருக்கிறார்கள். எங்கள் பெண்களுக்குத் தலைமைத்துவப் பண்பு போதாது, பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்லும் அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். யுத்தத்துக்குள் பிள்ளைகளையும் வயோதிபர்களையும் இழுத்துக்கொண்டு மாத்தளனுக்கும் அங்கிருந்து முகாமுக்கும் நடந்த பெண்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி தேவை என்று எழுதுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்கள் மறுத்ததற்குக் காரணம் கணக்கு.

இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2016 இல் சட்டமாக்கப்பட்டபோது 10,000 ரூபா. 2021 இல் 12,500 ஆனது. பொருளாதாரம் சரிந்து ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு 17,500 ஆக்கினார்கள். 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இந்த உயர்வு தேவையானது, இன்னும் போதாதது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2025 இல் வெளியிட்ட வறுமைக்கோடு ஒரு ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டியது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 64,000 இற்கு மேல் வேண்டும்.

ஆனால் சட்டம் உயர்த்துவது தரையை மட்டும்தான். தரை உயரும்போது அதற்கு மேலே நிற்கிறவருடைய சம்பளமும் அதே அளவு உயர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்து வருடம் வேலை செய்து சுப்பர்வைசரான ஒருவருக்கும் நேற்று வந்து சேர்ந்த ஒருவருக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு உயர்வின்போதும் சுருங்குகிறது. அந்த இடைவெளியைத் திரும்ப அகட்டுவதா இல்லையா என்பது முதலாளியின் விருப்பம்.

மேலதிக நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு உதாரணக் கணக்கு இது, எந்தத் தொழிற்சாலையின் சம்பளச் சீட்டும் அல்ல. ஒப்பரேற்றர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 35,000 என்று வைப்போம். வழக்கமான முறையில் 200 ஆல் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 175 ரூபா. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 262 ரூபா 50 சதம். தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஒரு பெண் மாதத்துக்கு 60 மணித்தியாலம் வரை மேலதிக நேரம் செய்யலாம். முழுவதும் செய்தால் 15,750 ரூபா. கழிவுகளுக்கு முன் கைக்கு வருவது 50,750. அதே பெண் சுப்பர்வைசராகி அடிப்படைச் சம்பளம் 45,000 ஆகிறது. இப்போது அவர் ‘ஸ்டாஃப்’. பல இடங்களில் ஸ்டாஃப் ஆனவர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை, அல்லது வேலை செய்த நேரத்தோடு தொடர்பில்லாத ஒரு சிறு தொகை உண்டு. லைன் ஓடும் வரைக்கும் அவரும் நிற்க வேண்டும். ஒப்பரேற்றருக்குக் காசு கிடைக்கும் அதே இரண்டு மணித்தியாலம் அவருக்கு வெறும் நேரம். பதவி உயர்ந்து மாதத்துக்கு 5,750 ரூபா குறைகிறது.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, மறுத்தவர்கள் பலர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு மேலதிக நேரக் காசு சேராது. அடிப்படைச் சம்பளம் 35,000 என்றால் தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 7,000. அதே 45,000 என்றால் 9,000. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதமும் அதற்கேற்பக் கூடும். பணிக்கொடை 5 வருடம் முடிந்தவர்களுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். பத்து வருடத்துக்கு முதலாமவருக்கு 175,000, இரண்டாமவருக்கு 225,000. ஆகவே நீண்ட காலம் நிற்கக்கூடியவர்களுக்குப் பதவியில் ஆதாயம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. கூட்டித் தரும் 10,000 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் சேர வேண்டும். பதவிக் கொடுப்பனவு, பொறுப்புக் கொடுப்பனவு என்று வேறு தலைப்பில் போட்டு, அதற்குச் சேமலாப நிதி கட்டாமல் விடுகிற வழக்கம் இருக்கிறது. பதவி தரும்போது கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டபோது கடிதமே கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ‘நாளைக்கு இருந்து நீங்கள் இந்த லைனைப் பாருங்கோ’ என்பதுதான் அவர்களுடைய நியமனம்.

அந்தப் பதவிக்குள் என்ன வேலை இருக்கிறது என்பதும் எழுதப்படுவதில்லை. காகிதத்தில் லைன் சுப்பர்வைசரின் வேலை உற்பத்தி இலக்கு, தரம், வரவு. வன்னியில் அதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது, மொழிபெயர்ப்பு. ஓடர் விபரம் ஆங்கிலத்தில் வரும். மேலாளர் சிங்களத்தில் பேசுவார். லைனில் இருக்கும் நாற்பது பேரும் தமிழர். நடுவில் நிற்கும் பெண்தான் மூன்றையும் கட்டி இழுக்கிறார். இலக்கத்தை மட்டும் மொழிபெயர்த்தால் பரவாயில்லை, ஏச்சையும் அவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவர் எனக்குச் சொன்னது: ‘அவர் சிங்களத்தில கத்துறது எனக்கு மட்டும்தான் விளங்கும் தங்கச்சி. அதை நான் அப்பிடியே சொன்னா பிள்ளையள் அழுவினம். சொல்லாட்டி இலக்கு வராது. பாதி விழுங்கிப் பாதி சொல்லுறன்.’ அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய மச்சாளின் மகள். மாலையில் பஸ் இறங்கி ஒரே ஒழுங்கையால் வீட்டுக்குப் போகிறவர்கள். லைனில் கண்டிப்பாக இருந்த நாளில் ஊரில் ஒருவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லையாம். இரண்டு மொழி தெரிந்த அரச ஊழியருக்கு அதற்கென்று ஊக்குவிப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன. இங்கே அந்தத் திறமை சம்பளச் சீட்டின் எந்த வரியிலும் இல்லை.

நடுவில் ஒருவரை நிறுத்தி, அவருடைய மொழியையும் உறவையும் வைத்து மற்றவர்களிடம் வேலை வாங்குவது இந்தத் தீவில் புதிதல்ல. 1958, 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று இந்தத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டியரைக் கேட்டால் கங்காணியைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய கங்காணி தென்னிந்தியக் கிராமத்துக்குப் போய், பெரும்பாலும் தன்னுடைய சாதி சனத்துக்குள்ளேயே ஆட்களைத் திரட்டி, முற்பணம் கொடுத்து, அந்தக் கடனோடு தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். தன்னுடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்குக் கங்காணிக்குக் காசு கிடைத்தது. அதற்குப் பெயரே தலைக்காசு. தன்னுடைய கூட்டத்தின் கடன் முழுவதும் எழுதப்பட்ட துண்டு என்ற கடதாசியைப் பெற்று, அந்தக் கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் வேறு தோட்டத்துக்குக் கூட்டத்தோடு போகவும் அவரால் முடிந்தது. 1921 இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கங்காணியை வில்லனாகக் காட்டிக் கதையை முடித்துவிடுகிறோம். தோட்டக்காரத் துரைக்குத் தொழிலாளியின் மொழியும் பெயரும் தெரியாமலே தோட்டத்தை நடத்த உதவிய ஏற்பாடு அது என்பதை விட்டுவிடுகிறோம்.

இன்றைய கங்காணிக்கு அந்த அதிகாரம் இல்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபா ஆனது. 2025 நவம்பர் பாதீட்டில் அதை 1,550 ஆக்கி, அரசாங்கம் வரவுக்கென 200 ரூபா சேர்த்து 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். அந்த இலக்கத்துக்காக எத்தனை வருடப் போராட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் பறித்த கொழுந்து நிறைவுக்கு வந்ததா, அன்றைக்கு முழுப்பெயரா அரைப்பெயரா என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் தராசடியில் நிற்கிறார்கள். பறிப்பவர்கள் பெண்கள், நிறுப்பவர்களும் எழுதுபவர்களும் பெரும்பாலும் ஆண்கள். 1,750 என்ற இலக்கம் கொழும்பில் தீர்மானிக்கப்பட்டாலும் அது கைக்கு வருவது அந்தத் தராசைத் தாண்டித்தான்.

சம்பளமும் மேற்பார்வையும் எங்கள் மண்ணில் எவ்வளவு சிக்கலாகப் பின்னியிருக்கின்றன என்பதற்கு 2018 ஜூன் மாதம் விசுவமடுவில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வன்னிப் பண்ணைகளுக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது, அவருக்குக் கீழே வேலை செய்த தமிழ் மக்கள், முன்னாள் போராளிகள் உட்பட, மாலை போட்டு, தோளில் தூக்கி, அழுது வழியனுப்பினார்கள். அந்தக் காணொளி பல நாட்கள் சுற்றியது. தெற்கில் அதை நல்லிணக்கம் என்று கொண்டாடினார்கள். எங்கள் பக்கத்தில் துரோகம் என்றும் அடிமைப் புத்தி என்றும் எழுதினார்கள். இரண்டு பக்கமும் அந்த மக்களின் சம்பளத்தைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

தடுப்பிலிருந்து வந்த ஒருவருக்கு யாரும் வேலை கொடுக்கப் பயந்த காலம் அது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த அந்தத் திணைக்களம் மாதம் தவறாமல் அரச சம்பளம் கொடுத்தது. அதே திணைக்களத்தின் கீழ் வந்த முன்பள்ளி ஆசிரியைகளுக்கு, மாகாண சபையின் சிறு கொடுப்பனவில் படிப்பித்த ஆசிரியைகளைவிடப் பல மடங்கு சம்பளம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை இராணுவக் கட்டமைப்புக்குக் கீழ் கொண்டுபோனது தவறு என்பதே என்னுடைய நிலைப்பாடு, அது மாறவில்லை. ஆனால் அழுதவர்களை எனக்கு விளங்குகிறது. லீவு, சம்பளம், சகோதரத் திணைக்களத்தில் ஒரு கடிதம், வீட்டில் ஒரு மரணம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே மனிதரின் மனதில் தங்கியிருக்க வேண்டிய வேலைத்தளத்தில், அந்த மனிதர் நல்லவராக இருந்துவிட்டால் அது பெரிய அதிர்ஷ்டம். அவர் போகும்போது அடுத்து வருபவர் யார் என்ற பயமும் அந்த அழுகைக்குள் இருந்திருக்கும். தொழிற்சங்கம் இருந்து, முறைப்பாட்டுக்கு ஒரு வழி இருந்து, சம்பள ஏற்றம் எழுத்தில் இருந்திருந்தால் மேலதிகாரியின் மாற்றல் இவ்வளவு பெரிய சம்பவமாகியிருக்காது.

அரச சேவையில் எழுத்தில் இருப்பதன் பெறுமதியைப் பார்க்கலாம். 2025 பாதீட்டில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகக் கட்டம் கட்டமாக உயரும் என்றார்கள். அடிமட்டம் மட்டும் உயரவில்லை, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு தரத்துக்கும் புதிய சம்பளத் திட்டம் சுற்றறிக்கையில் வந்தது. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர் அதிசிறப்புத் தரத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதை அவர் முதல்நாளே படித்துத் தெரிந்துகொள்ளலாம். தன்னுடைய சுற்றறிக்கை இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் உத்தியோகத்தர்களை நாம் பகிடி பண்ணுவோம். தனியார் துறையில் அப்படிச் சொல்ல ஒரு இலக்கம் இல்லாத சுப்பர்வைசரைச் சந்தித்த பிறகு எனக்கு அந்தப் பகிடி வருவதில்லை.

எழுத்தே இல்லாமல் நியாயமாக நடந்த ஒரு முறையும் எங்களிடம் இருக்கிறது. கரைவலையில் மண்டாடி. கடலைப் பார்த்து, மீன் படை எங்கே என்று சொல்லி, வளைப்பை நடத்துகிறவர். சம்மாட்டியின் பங்கு, வலையின் பங்கு போக, இழுத்தவர்களின் பங்கைவிட அவருக்குச் சற்று அதிகம். மீன் படாத நாளில் அவருக்கும் இல்லை. அவருடைய திறமைக்கு என்ன விலை என்பதைக் கரையில் நின்ற எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

இதற்கு நேரெதிர் நுண்கடன் குழுத் தலைவி. ஐந்தாறு பெண்களைச் சேர்த்து, கிழமைக் காசை வாங்கிக் கொடுத்து, ஒருத்தி கட்டாவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, கடைசியில் தன்னுடைய தோட்டை அடகு வைத்துக் கட்டுகிறவர். கடன் நிறுவனத்தின் மேற்பார்வை வேலையில் பாதி அவருடைய தலையில். சம்பளம் ஒரு சதமும் இல்லை. ஆனால் ஊரில் கெட்ட பெயர் முழுவதும் அவருக்கு.

சட்டத்தில் சுப்பர்வைசருக்கு என்ன இடம்? நான் பேசியவர்களில் பலர் தாங்கள் முகாமைத்துவத்தின் ஆட்கள், ஆகவே தொழில் திணைக்களத்துக்குப் போக முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டுமிருக்கிறது. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ஊழியர் என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் விரிவானது. முதலாளியுடன் எந்தத் தகுதியிலும், எழுத்திலோ வாய்ப்பேச்சிலோ, ஒப்பந்தம் செய்து வேலை செய்கிறவர் அதற்குள் வருவார். பதவியின் பெயர் ஆங்கிலத்தில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்ற 1971 ஆம் ஆண்டுச் சட்டம் சுப்பர்வைசர் என்பதற்காக ஒருவரை வெளியே தள்ளுவதில்லை. அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 2025 ஏப்ரலில் 44 வீதத் தீர்வை என்று அறிவித்து, பிறகு 30, பிறகு 20 என்று இறக்கிய மாதங்களில், ஓடர் குறைந்தால் முதலில் யாரை நிறுத்துவார்கள் என்ற பயம் எல்லா லைன்களிலும் இருந்தது. ‘நீங்கள் ஸ்டாஃப் தானே, ஒரு ராஜினாமாக் கடிதம் தந்துவிட்டுப் போங்கோ’ என்று கேட்கப்பட்டால், அந்தக் கடிதம் கொடுக்கும் வரைக்கும்தான் இந்தச் சட்டங்கள் கூட வரும்.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் வராத ஒரு மேற்பார்வையாளர் கூட்டம் இருக்கிறது. முகமாலையிலும் அதைச் சுற்றிய முன்னரங்கப் பகுதிகளிலும் கண்ணிவெடி அகற்றியவர்கள். ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் வடக்கில் இருக்கிறது, உள்ளூர் நிறுவனங்களும் சேர்ந்தன. வேலை செய்தவர்களில் கணிசமானவர்கள் பெண்கள், கணவரை இழந்தவர்கள், தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தோண்டத் தொடங்கி, பின்னர் ஒரு பிரிவை நடத்தும் நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். யார் எங்கே இருக்க வேண்டும், எப்போது ஓய்வு, எந்த அடையாளக் கம்பு எங்கே, வரைபடத்தில் இன்று எவ்வளவு முடிந்தது, ஒரு வெடிப்பு நடந்தால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்கள் கையில். இங்கே சம்பளமும் பதவிக்கேற்ற உயர்வும் எழுத்தில் இருந்தன. நான் பேசியவர்களில் தன்னுடைய பதவியை மறுத்த ஒருவரும் இந்தத் துறையில் இல்லை.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன் 1. நாடு வெடியில்லாமல் ஆவது நல்ல செய்தி, அதே நாள் இந்தப் பெண்களின் வேலை முடியும் நாளும்கூட. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, காலக்கெடுவுக்கு முன்னரே அது முடியலாம் என்பதையும் கண்டார்கள். வேலைத்தளத்தில் பழகிய தொழிலைச் சோதித்து என்.வி.கியூ சான்றிதழ் வழங்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. மேசனுக்கும் வயறிங் வேலை செய்பவருக்கும் சமையற்காரருக்கும் கிடைக்கும் அந்த வழியை, பிரிவொன்றைப் பாதுகாப்பாக நடத்தியவருக்குத் தளப் பாதுகாப்பு, முதலுதவி, மேற்பார்வை என்ற பெயர்களில் திறக்க நைட்டாவாலும் மாகாண நிர்வாகத்தாலும் இப்போதே முடியும். இன்னும் இரண்டு வருடங்கூட இல்லை.

அப்படி வேலை முடிந்த ஒருவரைத் தருமபுரத்தில் சந்தித்தேன். எட்டு வருடம் பிரிவு நடத்தியவர். நிறுவனம் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தோடு ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். அவருக்குக் கொடுத்தது ஹெல்பர் வேலை, தொடக்கச் சம்பளம். வயது 41. இப்போது கச்சான் போட ஒரு ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். களை பிடுங்கும் நாட்களில் நான்கு பெண்கள் கூலிக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தான் கொடுக்கும் கூலியைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார், எனக்கு எடுத்துக் காட்டினார். தன்னுடைய பெயருக்கு நேரே எழுத அந்தக் கொப்பியில் இன்னும் எதுவும் வரவில்லை, அறுவடைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்.